மாகியுஸின் தலைச்சாய்ப்பு

வாசனைக் கடைத் தெருவில், பட்டப்பகலில், ஊரே பார்த்துக்கொண்டு நிற்கையில், மாகியுஸ் தன்னைக் காட்டி “யார் இது?” என்று கேட்டதை லூர்கோ வருஷக்கணக்காய் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தான். தெரியாத ஆள் கேட்டிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பான். மாகியுஸ் தெரியாத ஆளா? கப்புவா ஊரில் அந்தப் பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் நின்று கும்பிடு போட்ட பிறகுதான் லூர்கோவுக்கு ஒவ்வொரு நாளும் விடியும். தாடி முளைக்கிற வயசில் ஆரம்பித்த பழக்கம். அவர் மேஜையின் கடைக்கோடியில் உட்கார்ந்து, அவருக்கு வெள்ளை ரொட்டியும் தனக்குத் தவிட்டு ரொட்டியும் வருவதைப் பார்த்தும் பாராமல் தின்றிருக்கிறான். அவருக்குக் கால் வலித்தால் பல்லக்கு எந்தப் பக்கம் சாயும் என்று கூட அவனுக்குத் தெரியும்.

அன்றைக்கு லூர்கோவின் அப்பன் செத்துப்போயிருந்தான். ஊர்க் குளிப்பு மாளிகையில் உலை மூட்டுகிற வேலை பார்த்த ஆள். ஊர் வழக்கப்படி கடைசி மூச்சை மகன் வாயோடு வாய் வைத்து வாங்கிக்கொண்டான், கண்ணை மூடிவிட்டான், அப்படியே எழுந்து மாகியுஸைத் தேடி ஓடினான். கைநீட்டிக் காசு கேட்க ஓடவில்லை. ஏழை வீட்டுப் பாடைக்குப் பின்னால் பெரியவர் ஒருத்தர் பத்தடி நடந்தால் போதும், தெருவே பின்னால் வரும். பிறந்ததிலிருந்து அடுப்புக் கரியிலேயே கிடந்த மனுஷனை ஒருநாளாவது நாலு பேர் மதித்து அனுப்பட்டும் என்பதுதான் அவன் எண்ணம்.

தெருவில் கூட்டத்தின் நடுவே மாகியுஸ் நின்றிருந்தார். லூர்கோ அவர் காலடியில் மண்டியிட்டுக் கையைப் பிடித்து முத்தமிட்டான். அழுகை முந்திக்கொண்டது. ஒரு சொல் வரவில்லை.

பெரியவர்கள் வெளியே கிளம்பினால் பக்கத்தில் ஓர் அடிமை வருவான். எதிரே வருகிறவன் பேரைக் காதில் சொல்வதுதான் அவன் வேலை. மாகியுஸுக்கு அப்படி ஒருத்தன் இருந்தான், தாமா என்று. அன்றைக்குத் தாமாவுக்குக் காய்ச்சல். அவனுக்குப் பதில் வந்த புதுப் பயல் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். மாகியுஸ் வழக்கம்போலத் தலையை இடப்பக்கம் சாய்த்தார், காத்திருந்தார், ஒன்றும் வரவில்லை. பிறகு சத்தமாகவே கேட்டார்.

“யார் இது?”

கூட்டம் சிரித்தது. அவருக்குப் பிடிக்கட்டும் என்று சிரித்தவர்கள் பாதி, நிஜமாகவே சிரித்தவர்கள் பாதி. லூர்கோ கையை விட்டான். மாகியுஸ் நடந்துவிட்டார். அப்பனை உலைக்கூடத்து ஆட்கள் நாலு பேர் தூக்கிப்போய் எரித்தார்கள். பின்னால் லூர்கோவும் அவன் பெண்டாட்டி ஒப்பியாவும் ஒரு நாயும் போனார்கள்.

அன்றிலிருந்து அவனுக்குப் பட்டப்பேர் ‘யாரிது’. வைத்தவன் புல்லியுஸ். துணி வெளுக்கிறவன், மாகியுஸ் வாசலில் லூர்கோவோடு தினமும் நிற்கிற ஆள். காலையில் இருட்டோடு இருட்டாக வரிசையில் நிற்கும்போது, “வாங்க யாரிது அண்ணே, அப்பா சௌக்கியமா?” என்பான். லூர்கோ சிரிப்பான். சிரிக்காவிட்டால் இன்னும் ரெண்டு தடவை சொல்வான் என்று தெரியும்.

அவமானப்பட்ட வாசலுக்கு மறுபடி ஏன் போனான் என்று கேட்கலாம். ஒப்பியாவும் கேட்டாள். அவள் தெருமுனையில் கொண்டைக்கடலை வேகவைத்து விற்கிறவள், வாயும் அதே சூடு. வேறெங்கே போவான்? மாகியுஸ் வாசலில் நின்றால் ஒரு கூடையில் ரொட்டித் துண்டும் ஆலிவ் காயும் சில நாள் பன்றித் தொத்திறைச்சியும் கிடைக்கும். வேறு வாசலில் இவனைச் சேர்க்க மாட்டார்கள். காரணம் அவன் தொழில்.

லூர்கோ சாவு வீட்டுக் கூத்தாடி. பெரிய மனிதர் செத்தால் பாடைக்கு முன்னால், செத்தவர் உடுப்பைப் போட்டு, செத்தவர் முகத்தை மெழுகில் வார்த்து மாட்டிக்கொண்டு, செத்தவராகவே நடந்து போகிறவன். அவர் இருமுகிற மாதிரி இருமி, அவர் திட்டுகிற மாதிரி திட்டி, அவர் கஞ்சத்தனத்தை அவர் குரலிலேயே சொல்லி ஊரைச் சிரிக்க வைப்பான். குடும்பத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்கள். சின்ன வயசில் குளிப்பு மாளிகை வாசலில் உட்கார்ந்து, உடுப்பைக் கழற்றிய பிறகு பெரியவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் பழகியது. உடுப்போடு பத்து விதமாக நடக்கிற ஊர், உடுப்பில்லாமல் ஒரே விதமாகத்தான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும் என்பான்.

அவன் கணக்கில் ஒவ்வொரு பெரிய மனிதனுக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஒருத்தர் மோதிரத்தைத் திருகுவார், ஒருத்தர் எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் பொய் சொல்வார். அந்த ஒன்றைப் பிடித்துவிட்டால் முழு ஆளும் பின்னால் வந்துவிடுவான். இதற்காகவே உயிரோடு இருக்கிறவர்களை விடாமல் பார்ப்பான். அவர்களுக்கும் அது தெரியும். விருந்தில் லூர்கோ பக்கம் பார்வை போனால் சிலர் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள். ஒருத்தர் தன் தட்டிலிருந்து நல்ல துண்டாக எடுத்து அவனுக்கு அனுப்பியதும் உண்டு. என்னை நல்லபடியாக நடந்து காட்டு என்று அதற்கு அர்த்தம்.

ஆனாலும் கூத்தாடி கூத்தாடிதான். பெரிய மனிதர் முகத்தை மாட்டியிருக்கிறவரை வழி விடுவார்கள். கழற்றிய மறுநிமிஷம் தள்ளி நில் என்பார்கள். ஊர்ச் சபையில் அவனுக்கு இடமில்லை. வழக்கு மன்றத்தில் இன்னொருத்தனுக்காக எழுந்து பேச உரிமையில்லை.

மாகியுஸின் முடிச்சு எது என்று அவன் தேடவே வேண்டியிருக்கவில்லை. அந்தத் தலைச்சாய்ப்புதான். தேர்தல் காலத்தில் எல்லாப் பெரியவர்களும் பேர் சொல்கிறவன் பக்கம் காதைக் கொடுப்பார்கள். மாகியுஸ் எல்லாக் காலத்திலும் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரருக்குக் கொடுத்தார், கூடப் படித்தவருக்குக் கொடுத்தார். தலை மெதுவாக இடப்பக்கம் சாயும். கண் எதிராளியின் நெற்றிக்கு மேலே எங்கேயோ நிற்கும். தாமா முணுமுணுப்பான். அப்புறம்தான் முகத்தில் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு வருவதற்குள் எதிரே நிற்கிறவன் கூசிப்போவான். என்ன திமிர் என்றது ஊர். பணமும் பதவியும் இருந்தால் அப்படித்தான் என்று ஊர் ஒத்துக்கொள்ளவும் செய்தது. பெரியவனிடம் ஜனங்கள் சந்தேகமில்லாமல் நம்புகிற குணம் திமிர் ஒன்றுதான்.

ஒரு வருஷம் சாட்டர்னுஸ் திருவிழா வந்தது. எஜமானர்கள் அடிமைகளுக்குப் பரிமாறுகிற நாள்கள், யாரை வேண்டுமானாலும் யாரும் கேலி பண்ணலாம். வாசனைக் கடைத் தெருவில் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த கூட்டம் லூர்கோவைத் தூக்கி ஒரு கல்மேடை மேல் நிறுத்தியது. யாராவது பெரிய மனிதரை நடந்து காட்டு என்றார்கள். உயிரோடு இருக்கிறவரைச் செய்வதில்லை என்றான். கீழேயிருந்து புல்லியுஸ், “விடுங்கப்பா, யாரிது அண்ணனுக்கு யாரைத் தெரியும்?” என்றான்.

லூர்கோ மேல்துணியை உதறித் தோளில் போட்டான். இருமினான். முதல் இருமலுக்கே கூட்டம் ஆள் யார் என்று புரிந்துகொண்டு ஊளையிட்டது. மெல்லத் தலையை இடப்பக்கம் சாய்த்தான். கண்ணை எடுத்து யார் நெற்றியிலும் படாமல் மேலே நிறுத்தினான். காத்திருந்தான். அந்தக் காத்திருப்பை எவ்வளவு இழுக்கலாமோ அவ்வளவு இழுத்தான். பிறகு தன் பெண்டாட்டியைக் காட்டி, “யார் இது?” என்றான். தன் கையைத் தானே பார்த்து, “யார் இது?” என்றான். செத்தவனுக்கு எண்ணெய் பூசுகிற மாதிரிக் காட்டி, குனிந்து பிணத்தின் முகத்தைப் பார்த்து, தலையைச் சாய்த்து, “யார் இது?” என்றான்.

தெரு விழுந்து புரண்டது. ஒப்பியா மட்டும் கடலைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். வீட்டில் கேட்டபோது சொன்னாள், “கடைசியா காட்டினது உங்கப்பா பொணம்தானே? அதை வெச்சா சிரிக்க வைப்ப? வெக்கமா இல்ல?”

இருந்தது. ஆனால் கைதட்டல் காதில் இருக்கும்வரை வெட்கம் உறைக்காது. மறுநாள் வெள்ளி முளைக்கும்போதே எழுந்து, ஊரைச் சிரிக்க வைத்த அதே வாயால், மாகியுஸ் வாசலில் நின்று “ஐயா வாழ்க” என்று சொன்னபோதுதான் உறைத்தது. மாகியுஸ் தலையைச் சாய்க்கவில்லை. தாமா வாயைத் திறப்பதற்குள், “லூர்கோ. நல்லா இருக்கியாப்பா?” என்றார். லூர்கோ சட்டென்று குனிந்துகொண்டான். கூடையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து புல்லியுஸிடம் சொன்னான். “பயந்துட்டாருடா. இப்பத்தான் பேரு ஞாபகம் வந்திருக்கு.”

அடுத்த வருஷம் மாகியுஸ் ஊரின் பெரிய பதவிக்கு நின்றார். ஐந்து வருஷத்துக்கு ஒருதரம் வருகிற பதவி, சபையில் யார் இருக்கலாம் யார் கூடாது என்று முடிவு பண்ணுகிறவர். சின்னப் பதவிகளையெல்லாம் பார்த்துவிட்டார், நல்ல தீர்ப்புச் சொல்கிறவர் என்று பேர். ஜெயிப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் வெளுத்த உடையில் அவர் திடலில் இறங்கிக் கைகொடுத்து ஓட்டுக் கேட்கும்போது தெருப்பிள்ளைகள் வரிசையாக நின்று தலையைச் சாய்த்தன. சுவர்களில் எதிராளியின் ஆட்கள் செம்மண்ணில் எழுதினார்கள்: ‘இன்று யார் இது என்பவர், நாளை யார் நீ என்பார்.’ ஓட்டுப் பெட்டியைத் திறந்தபோது, தோல் பதனிடுகிற குடும்பத்துக்காரன் ஒருத்தன் ஜெயித்திருந்தான்.

லூர்கோ அன்று நன்றாகக் குடித்தான். ஜெயிக்க இருந்தவனை ஒரு தலைச்சாய்ப்பால் கீழே தள்ளினேன் என்று கடைக்காரனிடம் சொன்னான். கடைக்காரன், “நீ தள்ளல. தள்ளக் காத்திருந்தவனுக்கு ஒரு சாக்கு குடுத்த” என்றான்.

மாகியுஸ் வாசலில் கூட்டம் வடிந்தது. முதலில் புல்லியுஸ் போனான், தோல்காரன் வாசலுக்கு. “அங்க நாத்தமடிக்குதேடா” என்று லூர்கோ கேட்டதற்கு, “பதவி இருக்கற எடத்துல மூக்கு வேலை செய்யாது அண்ணே” என்றான். லூர்கோவும் போய்ப் பார்த்தான். சொல்லவே கூசுகிற விஷயம், ஆனால் போனான். ஜெயிப்பதற்குத் தன்னால் ஆன உதவியை நினைத்தாவது சேர்த்துக்கொள்வார்கள் என்று நம்பினான். வாசல்காவலன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உசுரோட இருக்கறவரையே நடந்து காட்டற பயலை எவன் வீட்டுக்குள்ள விடுவான்? எங்க ஐயாவுக்கும் காலு இருக்கு, இருமலு இருக்கு” என்று துரத்தினான். மறுநாள் மாகியுஸ் வாசலில் போய் நின்றான். அங்கே கிழடுகள் ரெண்டு பேர்தான் இருந்தார்கள். கூடை வந்தது. ஏன் சில நாளாய்க் காணோம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

அப்புறம் மாகியுஸ் வெளியே வருவதே இல்லை. வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள், வசந்தம் தாண்ட மாட்டார் என்றார்கள். இந்தச் செய்தி பரவினவுடன் அவர் வாசல் மறுபடி நிரம்பியது. பிள்ளையில்லாத பணக்காரர். உயிலில் யார் யார் பேரை எழுதப் போகிறாரோ என்று ஊரே தேனடையும் கோழிக்குஞ்சும் தூக்கிக்கொண்டு வந்தது. புல்லியுஸ் வெளுத்த துணியை மாலை மாதிரிக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் நின்றான்.

ஒரு நாள் மத்தியானம் தாமா லூர்கோ வீட்டுக்கு வந்தான். ஐயா கூப்பிடுகிறார், தனியாக வரச் சொன்னார் என்றான்.

“எதுக்குன்னு தெரியும். அந்தத் தலைச்சாய்ப்பு வேண்டாம், சாவுல நல்லவனா நடந்து காட்டுன்னு சொல்லக் கூப்பிடறாரு” என்றான் லூர்கோ.

ஒப்பியா கடலையைப் புடைத்துக்கொண்டே, “சொன்னா செய்யேன். அந்த மனுசன் தோத்ததுக்கு உன் மூஞ்சிதான் காரணம்” என்றாள்.

“அவரு என்ன பண்ணினாருன்னு தெரியுமில்ல உனக்கு?”

“தெரியும்யா. எத்தன வாட்டி சொல்லுவ? செத்தது எனக்கும் மாமனாருதான். நீ சிரிப்பு மூட்டினப்போ ஒருத்தரும் சிரிக்காத எடம் ஒண்ணு இருந்துச்சு, அதப் பாத்தியா? அவரு பல்லக்கு. தெருமுனையில நின்னுட்டிருந்துச்சு.”

இதை அவள் அதுவரை சொன்னதில்லை. லூர்கோ செருப்பை மாட்டிக்கொண்டு தாமாவின் பின்னால் நடந்தான்.

கூடத்தில் காத்திருந்தவர்கள் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். சாவுக் கூத்தாடியை வரச் சொல்லிவிட்டார் என்றால் முடிவு பக்கத்தில்தான் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டார்கள். தாமா அவனை உள்ளே விட்டு, தானும் வந்து கதவைச் சாத்திவிட்டு மூலையில் நின்றான்.

சன்னல் வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. மாகியுஸ் வீங்கிய வயிற்றோடு சாய்ந்து படுத்திருந்தார். முகம் பாதியாய்ப் போயிருந்தது. கட்டிலுக்கு வலப்பக்கம் ஆள் உயரத்தில் ஒரு வெண்கல விளக்குத் தண்டு. லூர்கோ அதன் பக்கத்தில் போய் நின்று, “ஐயா” என்றான்.

“லூர்கோ. வா. நான் செத்தா நீதானே நானா நடக்கப் போற. அதை இப்ப ஒரு வாட்டி செஞ்சு காட்டு.”

“உசுரோட இருக்கறவங்களச் செய்யறது வழக்கமில்லீங்க ஐயா.”

“திருவிழா அன்னைக்கு நான் செத்தா போயிருந்தேன்?”

லூர்கோ தரையைப் பார்த்தான். காது எரிந்தது. மாகியுஸ் குரலில் கோபமில்லை. சும்மா செய்ப்பா, குறைக்காம செய், என்று இன்னொரு தடவை சொன்னார். கூத்தாடி வெறுங்காலில்தான் ஆடுவான். லூர்கோ செருப்பைக் கழற்றினான். முதலில் பட்டும் படாமல் இருமினான். பிறகு நடந்தான். நாலடி நடப்பதற்குள் தொழில் அவனைத் தூக்கிக்கொண்டது. யார் முன்னால் நிற்கிறோம் என்பதே மறந்துபோனது. அந்தக் கனத்த நடை, மேல்துணியை ஏற்றிவிடுகிற கை, பேசுவதற்கு முன் உதட்டை நனைப்பது, எல்லாம் தானாக வந்தன. கடைசியில் தலையை இடப்பக்கம் சாய்த்தான், கண்ணை மேலே நிறுத்தினான், இழுத்துப் பிடித்துக் காத்திருந்தான். “யார் இது?” என்றான்.

மூலையில் தாமா முகத்தைப் பொத்திக்கொண்டான்.

மாகியுஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கியது. அதற்குள் லூர்கோ, ஆடின வேகத்தில், சத்தமில்லாமல் கட்டிலைச் சுற்றி அடுத்த பக்கம் வந்து நின்றிருந்தான். பாராட்டுக்குக் காத்திருந்தான் என்றே சொல்லலாம்.

“இருமல் அப்படியே என் இருமல்” என்றார் மாகியுஸ். “அன்னைக்குப் பல்லக்குல உக்காந்திருக்கேன், தெருவுக்கு அந்தப் பக்கம் நானே இருமறேன். ஏம்ப்பா பேசாம நிக்கற? கிட்ட வா, உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?”

விளக்குத் தண்டைப் பார்த்துத்தான் அவ்வளவும் சொன்னார். அதைப் பார்த்தே கையையும் நீட்டினார்.

லூர்கோ தண்டைப் பார்த்தான். நீட்டிய கையைப் பார்த்தான். தாமாவைப் பார்த்தான். தாமா தலையைக் குனிந்துகொண்டான். வெயில் நேராக மாகியுஸின் கண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அவர் இமைக்கவில்லை.

ஊரில் ஒருத்தர் விடாமல் நோட்டம் பார்த்தவன் லூர்கோ. அந்தக் கழுத்து எவ்வளவு சாயும், எவ்வளவு நேரம் சாய்ந்து நிற்கும் என்று மயிரளவு பிசகாமல் பிடித்தவன். அது ஏன் சாய்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. திமிர் என்று ஊர் சொன்னது, அவனும் அதையே வாங்கி ஆடினான். இப்போது உடம்பெல்லாம் குன்றிப்போய், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மூடியபிறகுதான் மூடத் தேவையில்லை என்பது தோன்றியது. எதிரே இருக்கிறவருக்கு இவன் முகம் தெரியவே தெரியாது. கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் கூசியது.

“எப்பலேருந்துங்க ஐயா?” குரல் கேட்ட பக்கம் மாகியுஸ் தலை திரும்பியது. இடப்பக்கம், அதே சாய்ப்பு.

“ஓ, அங்க இருக்கியா. நான் முதல் பதவிக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. களிம்பு போட்டாங்க, ஈரல் சாறு விட்டாங்க. முகமெல்லாம் பிசைஞ்ச மாவு மாதிரி ஆச்சு, அப்புறம் மாவும் போச்சு. கண்ணு போனவன் புதுப் பதவிக்கு நிக்க முடியாது, சட்டம். அடுத்தவனுக்காக எழுந்து வாதாட முடியாது. யார் யாருக்கு அந்த உரிமை இல்லைன்னு ஒரு வரிசை சொல்லுவாங்க பாரு, அதுல உன்னை மாதிரி ஆளுங்களும் உண்டு, என்னை மாதிரி ஆளுங்களும் உண்டு. ரெண்டு பேரும் ஒரே திண்டுல உக்கார வேண்டியவங்க. நான் மட்டும் ஏமாத்தி மேல ஏறி உக்காந்துட்டேன்.”

லூர்கோ கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். இவ்வளவு நாளும் சொல்லாமல் வைத்திருந்ததை, இப்போது சொல்லக் கூடாது என்று தெரிந்தும், அவன் வாய் சொல்லிவிட்டது. “எங்கப்பா செத்த அன்னைக்கு…”

“நீ வாயத் தொறக்கலையே” என்றார் மாகியுஸ் உடனே. அந்த நாளை அவரும் மறக்கவில்லை. “குரல் குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு கை வந்து என் கையப் பிடிச்சுது, அவ்வளவுதான். கைய வெச்சு யாருன்னு கண்டுபிடிக்கறது? எங்கிட்ட வர்ற கை எல்லாம் எதையாவது கேக்கற கைதான். சாயங்காலம் தாமா விசாரிச்சுச் சொன்னான், உன் அப்பான்னு. ஆளனுப்பியிருக்கலாம். பாடைக்குப் பின்னால நானே நடந்திருக்கலாம். நடக்கல. தெருவுல தெரியாதவன வீட்டுக்குப் போனதும் எப்படித் தெரிஞ்சுதுன்னு எவனாவது யோசிப்பானோன்னு பயந்தேன். அதத் திமிருன்னு ஆடிக் காட்டினே பாரு, அதுல எனக்கு மரியாதைதான். உள்ள இருந்தது அதவிடக் கேவலம்.”

அடிபட்டவன் தான் என்று எத்தனையோ வருஷம் நடந்தவன், அடித்தவனும் தான்தான் என்று தெரிந்து உட்கார்ந்திருந்தான். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தான். அவர் அதைக் கேட்கிற நிலையில் இல்லை, மூச்சு வாங்கியது, சீக்கிரம் சொல்லி முடிக்கிற அவசரம் அவருக்கு இருந்தது.

“என் தங்கச்சி மகன் உன்னைத் தேடி வருவான். அடுத்த வருஷம் அவன் பதவிக்கு நிக்கப் போறான். மாமாவப் பணிவானவரா நடந்து காட்டு, அந்தத் தலைச்சாய்ப்ப விட்டுடும்பான். சரின்னு சொல்லு. ஆனா அன்னைக்கு நீ அதத்தான் செய்யணும்.”

“ஐயா, என்னால ஆகாது. தெரிஞ்சப்புறம் எப்படிங்க அத…”

“தாமாவ விட்டா தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான், அதனாலதான் உங்கிட்ட கேக்கறேன். நீ அத விட்டேன்னு வை, ஊரு ஏன்னு கேக்கும். உனக்கு எவ்வளவு குடுத்தாங்கன்னு கேக்கும், அப்புறம் வேற கேள்வி கேக்கும். நான் சொன்ன தீர்ப்பு எல்லாத்தையும் தோண்டுவாங்க. குருடன் என்னத்தப் பாத்து முத்திரை வெச்சான்? படிச்சுச் சொன்னது யாரு? தாமா.” மாகியுஸ் குரல் தணிந்தது. “உயில்ல அவனுக்கு விடுதலை எழுதியிருக்கேன். இத்தன வருஷம் ஊர ஆண்டது ஒரு அடிமைதான்னு தெரிஞ்சா அவன விடுவாங்களா? தோல உரிச்சுடுவாங்க. திமிர் பிடிச்சவன்னு என்னை வேணுங்கற அளவு திட்டட்டும். திமிருக்கு ஊரு பின்னால போய்க் காரணம் தேடாது.”

மூலையில் தாமா அழுவது கேட்டது. சத்தம் வெளியே போகாமல் இருக்க மேல்துணியை வாயில் திணித்துக்கொண்டிருந்தான்.

லூர்கோ அந்த ஆளைப் பார்த்தான். தெருவில் மாகியுஸின் இடப்பக்கம் எத்தனையோ வருஷம் நிழல் மாதிரி வந்தவன். பெரிய மனிதரின் திமிருக்கு ஒரு கருவி என்றுதான் அவனை நினைத்திருந்தான். திருவிழா அன்று மேடையில் அவனையும் விடவில்லை, வாயைக் கோணிக்கொண்டு முணுமுணுக்கிற குரங்காகக் காட்டினான். அதற்கும் கைதட்டினார்கள்.

“செய்யறேங்க ஐயா” என்றான். சொன்ன குரல் அவனுடையதாகவே இல்லை.

“குறைக்காம செய்.”

“குறைக்காம செய்யறேன்.”

மாகியுஸ் கையைத் துழாவி நீட்டினார். லூர்கோ அதைப் பிடித்தான். முத்தமிடக் குனிந்தவன் கண்ணீர் விரல்மேல் பட்டுவிடும் என்று நிமிர்ந்துகொண்டான். ஆனால் பட்டுவிட்டது. மாகியுஸ் அந்த விரலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. வெளிக் கூடத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம் கதவிடுக்கில் வந்துகொண்டிருந்தது. யாரோ தேனடை உருகுகிறது என்றார்கள். புல்லியுஸ் குரல் போலிருந்தது.

“அழறியா?” என்று கேட்டார். “அழாத. வெளிய அத்தன பேரும் கதவையே பாத்துட்டு உக்காந்திருக்கானுங்க. உள்ள என்ன நடந்துச்சுன்னு உன் மூஞ்சியப் பாத்துத்தான் கணக்குப் போடுவானுங்க. தாமா, அவனுக்கு மூஞ்சி கழுவத் தண்ணி குடு.”

தாமா செம்பைக் கொண்டுவந்து வைத்தான். லூர்கோ கழுவினான். கழுவக் கழுவ மறுபடி நனைந்தது. மாகியுஸ் அந்தச் சத்தம் நிற்கும்வரை பொறுத்திருந்தார். அப்புறம், கண்ணை மூடிக்கொண்டு, அவனிடம் கடைசியாக ஒன்று கேட்டார்.

“வெளிய போறப்போ சிரிச்சுக்கிட்டே போப்பா.”